கட்டையில் ஒன்று குறை

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் டார்ச் லைட் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது "எத்தனை கட்டை?" என்றுதான். உள்ளே போடும் பேட்டரிக்குக் கட்டை என்று பெயர். வீட்டுக்கு இரண்டு கட்டை. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவருக்கு மூன்று கட்டை. ஐந்து கட்டை லைட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் நடந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். கட்டை கூடினால் வெளிச்சம் கூடும், வெளிச்சம் கூடினால் நல்லது. பி.ஏ. படித்த பிறகும் இந்தக் கணக்கில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. இப்போதும் வீட்டில் மூன்று லைட் வைத்திருக்கிறேன். பேட்டரி கசிந்து பச்சை பூத்துவிட்டதோ என்ற பயத்தில் அவ்வப்போது திறந்து பார்ப்பேன். கசிந்ததில்லை. ஆனாலும் பார்ப்பேன்.

எண்பதுகளின் நடுவில் துபாயில், தேராவில், அப்ரா படகுகள் வந்து நிற்கும் துறைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கடையில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். கயிறு, கூடாரம், மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர்க் கேன், டார்ச் லைட். லைட் மட்டும் பதினொரு வகை. கடை முதலாளியை அர்பாப் என்போம். எங்கள் விசாவுக்கும் அவரே கஃபீல், அதாவது பொறுப்பாளர். எங்கள் பதினேழு பேர் பாஸ்போர்ட்டும் அவருடைய ஆபீஸ் இரும்புப் பெட்டியில் இருந்தது. அறுபதை நெருங்கியவர், குள்ளமான ஆள், உரத்த குரல். எங்களிடம் இந்தியும் அரபியும் கலந்துதான் பேசுவார்.

குளிர்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அவரும் அவருடைய நண்பர்களும் அவீரைத் தாண்டி மணலில் கூடிக் குறி பார்த்துச் சுடுவார்கள். மொத்தம் ஒன்பது பேர். குளியலறைச் சுவரில் ஒட்டும் வெள்ளை டைல்ஸைப் பலகையில் நிறுத்தி வைப்பார்கள்; உடைத்தால் ஒன்று. சீசன் முடிவில் ஒரு போட்டி. பரிசு ஒரு வெள்ளிக் காப்பிக் கூஜா. அதைவிடப் பெரிய பரிசு, மற்ற எட்டுப் பேரையும் அடுத்த குளிர் வரை கிண்டலடிக்கும் உரிமை. அந்த வருஷம் புதிதாக ஒரு ரவுண்டு சேர்த்தார்கள். மக்ரிப் தொழுகை முடிந்து இருட்டியதும், அவரவர் துப்பாக்கியில் அவரவரே லைட் பொருத்திக்கொண்டு சுட வேண்டும்.

அர்பாப் என்னைக் கூப்பிட்டார். "நல்ல பத்தி ஒன்று பார்த்துக் கொடு. நீ படித்த ஆள்."

இந்தியில் பத்தி என்றால் விளக்கு. நான் யோசிக்கவே இல்லை. ஐந்து கட்டை அலுமினிய லைட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது பத்தியா, பீரங்கியா?" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் ஏழு லைட்டைப் பையில் போட்டுக்கொண்டு துறைக்குப் போய், ஒவ்வொன்றாக எதிர்க்கரைச் சுவரில் அடித்துப் பார்த்தேன். அதுவரை ஒரு லைட்டின் வெளிச்சத்தை நான் உற்றுப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒன்றின் வெளிச்சத்தில் நடுவில் ஓட்டை விழுந்து, வடை மாதிரி இருந்தது. ஒன்று வளையம் வளையமாக விரிந்தது. ஒன்றின் தலையைத் திருகினால் வட்டம் சுருங்கி ஊசிப் புள்ளியாகியது. தலைக்குள் இருக்கும் கிண்ணம் வழவழப்பாக இருந்த லைட்டெல்லாம் தூரம் போயிற்று, ஆனால் சுற்றிலும் ஒன்றும் தெரியவில்லை. அந்த ஊசிப் புள்ளியை நான் நகர்த்திக்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு அப்ரா குறுக்கே வந்தது. படகோட்டி கண்ணைப் பொத்திக்கொண்டு, "ஏ பாய்! பத்தி பந்த் கரோ! எல்லாரையும் தண்ணீரில் கொட்டட்டுமா?" என்று கத்தினான். படகில் இருந்த இருபது பேரும் திட்டினார்கள். நான் பையை மூடிக்கொண்டு கராமாவில் இருந்த ரூமுக்கு வந்து சேர்ந்தேன். ஆனால் மனசு அந்த வட்டங்களிலேயே நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஒரு கிண்ணம் இத்தனை விதமாக வெளிச்சத்தை மாற்றும் என்றால், நான் இத்தனை வருஷம் என்னத்தை விற்றுக்கொண்டிருந்தேன்?

துப்பாக்கியில் லைட்டைப் பொருத்தும் வேலை அல் குசைஸில் அர்பாப்புக்கு இருந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போயிற்று. அங்கே பிட்டராக இருந்தவன் யாழ்ப்பாணத்துப் பையன், முப்பது வயது. கடைசலும் தெரியும், மரவேலையும் தெரியும். அவனுக்குத் தை மாதத்தில் ஊரில் கல்யாணம். நாள் வைத்தாயிற்று, டிக்கெட்டும் எடுத்தாயிற்று. போட்டி முடிந்த வெள்ளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை விமானம். இரண்டு மாதம் லீவ் தருவதாக அர்பாப் சொல்லியிருந்தார். "மேட்ச் முடியட்டும், உன் ஜவாஸைத் தருகிறேன்." ஜவாஸ் என்பது பாஸ்போர்ட். சண்டையால் ஊரில் ரயில் இன்று ஓடும், நாளை நிற்கும் என்று இருந்த காலம் அது. இந்த நாள் தவறினால் பெண்ணை லண்டனில் இருக்கும் தாய்மாமனிடம் அனுப்பிவிடுவதாகப் பெண் வீட்டில் எழுதியிருந்தார்கள். அதை அவன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வான்.

லைட்டை முதலில் அவனிடம் கொண்டுபோனபோது, "அஞ்சு கட்டை, தெரியுதா?" என்றேன் பெருமையாக.

"அஞ்சு கட்டைக்கோ? விசர்க்கதை கதையாதையுங்கோ அண்ணை. இஞ்சயிருந்து அடிச்சால் ஷார்ஜாவையும் தாண்டிப் போயிடுமே!"

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். யாழ்ப்பாணத்தில் கட்டை என்றால் மைல் என்றும், பேட்டரிக்கு அங்கே "பற்றி" என்று பெயர் என்றும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவன் நல்ல நகைச்சுவைக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

துப்பாக்கி, பிரிட்டிஷ்காரர் காலத்து த்ரீ-நாட்-த்ரீ. அர்பாப்பின் அப்பா வைத்திருந்தது. குழாய்க்கு மேலே லைட்டை வைத்தால் வெளிச்சம் குறிமுள்ளில் பட்டுக் கண்ணில் தெறிக்கிறது என்று கண்டுபிடித்து, அடியில் வைத்தோம். கார் ரேடியேட்டர் ஹோஸை இறுக்கும் கிளிப் இரண்டு, உள்ளே சைக்கிள் டியூப் ரப்பர். லைட்டின் சுவிட்சுக்கு அர்பாப்பின் விரல் எட்டவில்லை. பிட்டர் ஒயர் இழுத்து, காலிங் பெல் பொத்தான் ஒன்றை இடது கை பிடிக்கும் இடத்தில் பொருத்தினான். அழுத்தினால் எரியும், விட்டால் அணையும். அர்பாப் அதை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, "யாரும் கதவைத் திறக்கவில்லையே?" என்றார்.

மணலில் சோதனை செய்தபோது ஒரு விசித்திரம். ஒவ்வொரு குண்டுக்கும் லைட் ஒரு நொடி அணைந்து எரிந்தது. மூன்றாவது குண்டுக்கு பல்பே போய்விட்டது. என்ன ஏது என்று பிட்டரும் நானும் மணலில் குந்தி யோசித்தோம். துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது உள்ளே இருக்கும் பேட்டரிகள் மொத்தமாகச் சறுக்கி ஸ்பிரிங்கை அமுக்கிவிடுகின்றன. அந்த நொடி பல்புக்கும் பேட்டரிக்கும் தொடர்பு விட்டுப்போகிறது. பேட்டரி எத்தனைக்கெத்தனை அதிகமோ அத்தனைக்கத்தனை எடை, அத்தனை சறுக்கல். என் ஐந்து கட்டைப் பெருமையே லைட்டுக்கு எதிரியாகிவிட்டது. நான்கு கட்டை லைட்டுக்கு மாறினோம். ஸ்பிரிங்குக்கு அடியில் ரப்பர் வட்டம் வைத்தோம். அணைவது குறைந்தது, நிற்கவில்லை.

துப்பாக்கியை ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிட்டு வந்தோம். போட்டிக்கு முந்தைய திங்கட்கிழமை அர்பாப் கடைக்கு வந்து, லைட் இன்னும் நீளமாகத்தான் இருக்கிறது, கைக்கு அடங்கவில்லை என்று குறைப்பட்டார். மூன்று கட்டையாக்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அலுமினியக் குழாயில் ஒரு பேட்டரி நீளத்தை அறுத்து மறுபடி மரை போட வேண்டும். பிட்டருக்கு அது பெரிய வேலையில்லை. போன் செய்தேன். அந்தப் பக்கம் கிரைண்டர் கத்திக்கொண்டிருந்தது.

"தம்பி, அர்பாப்புக்கு நீளமா இருக்காம். கைக்கு அடங்கலையாம். கட்டையில ஒண்ணு குறைச்சிடு."

"கட்டையிலயோ? வடிவாச் சொல்லுங்கோ அண்ணை."

"ஆமாம்ப்பா, கட்டையிலதான். ஒண்ணு."

"ஒண்டு காணுமோ?"

ஒன்றைக் காணோமா என்று கேட்கிறான் போலிருக்கிறது என்று ஒரு கணம் குழம்பினேன். பிறகு நினைவு வந்தது: அவர்கள் பேச்சில் காணும் என்றால் போதும்.

"போதும், போதும். ஒண்ணு போதும்."

"ஓம் அண்ணை."

வியாழன் மத்தியானம் சாக்கில் சுற்றிய துப்பாக்கியோடு கடைக்கு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. சாக்கைப் பிரித்தேன். லைட் அப்படியே நீளமாக இருந்தது. கழற்றி எண்ணினேன். நான்கு.

"என்னப்பா, நாலும் அப்படியே இருக்கு?"

"எது நாலு?"

"கட்டை! ஒண்ணு குறைக்கச் சொன்னேனே!"

"குறைச்சனான் தானே அண்ணை." சட்டைப் பையிலிருந்து பேப்பரில் பொதிந்த ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தான். "இந்தாங்கோ, வெட்டின துண்டு. சரியா ஒரு இஞ்சி. பித்தளைத் தகட்டைக் கழட்டி, வெட்டி, அரம் போட்டுத் திருப்பிப் பூட்டியிருக்கிறன். வெட்டினது தெரியுதோ பாருங்கோ."

பேப்பருக்குள் ஓர் அங்குலக் கரும்பழுப்பு மரத்துண்டு. தோளில் வைக்கும் துப்பாக்கிக் கட்டையின் துண்டு. வெட்டு அத்தனை சுத்தம். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அடப்பாவி. நான் சொன்னது லைட்டுக் கட்டை. பேட்டரி!"

"பற்றியைப் போய் ஆரும் கட்டை எண்டு சொல்லுவினமோ? துவக்கில கட்டை எண்டால் இதுதானே! நீளம், கைக்கு அடங்கேல்லை எண்டெல்லே சொன்னனீங்கள்?" அவனுடைய சிரிப்பு மெல்லப் போயிற்று. "அண்ணை, இது அந்தாளின்ர தகப்பன்ர துவக்கெல்லோ? என்ர கலியாணம் அவ்வளவுதான்."

அர்பாப் அஸர் தொழுகை முடிந்து வந்தார். நான்தான் என் அரைகுறை இந்தியில் விளக்கினேன். எங்கள் ஊரில் பேட்டரிக்குக் கட்டை என்று பெயர், அவன் ஊரில் கட்டை என்றால் வேறு.

"கட்டா?" என்றார் அர்பாப். இந்தியில் கட்டா என்றால் புளிப்பு. "என்ன கட்டா? எலுமிச்சம்பழமா?"

"இல்லை அர்பாப், கட்டை, லக்டி, மரம்..."

மரத்துண்டை அவர் முன்னால் தள்ளினேன். அவர் அதைப் பார்த்தார். துப்பாக்கியைத் திருப்பி, பித்தளைத் தகட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை.

"இது என் பாப்பின் பந்தூக்," என்றார். அப்பாவின் துப்பாக்கி.

"மன்னிச்சுக்..." என்றேன் நான்.

"கலாஸ், முடிந்தது." பிட்டரைப் பார்த்தார். "நாளைக்கு மேட்ச். அதுவரை ஜவாஸ் மாஃபி, கிடையாது. அப்புறம் பார்க்கலாம்."

துண்டைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வேறு துப்பாக்கி எடுத்துக்கொள்ளலாமே என்று வாசல்வரை பின்னாலேயே போய்க் கேட்டேன். என்னைத் திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறிவிட்டார். வேறு வழியில்லை. பிட்டர் துப்பாக்கியோடு குசைஸுக்குத் திரும்பி, லைட்டின் குழாயை அறுத்து மூன்று கட்டையாக்கினான். என் கவலை அதோடு தீரவில்லை. மூன்று கட்டைக்கான பல்பு ஸ்டாக்கில் ஒன்றுகூட இல்லை. நான்கு கட்டைக்கான பல்பையே போட வேண்டியதாயிற்று. மூன்று பேட்டரியில் அது மஞ்சளாக, சோம்பேறித்தனமாக எரிந்தது.

வெள்ளிக்கிழமை மணலில் நல்ல குளிர். எல்லோரும் கம்பளிக் கோட்டு போட்டிருந்தார்கள். பிட்டரும் நானும் பிக்கப் வண்டிக்குப் பக்கத்தில் நின்றோம். முதல் ரவுண்டு நின்றபடி ஐந்து குண்டு. அர்பாப் பழைய பழக்கத்தில் கழுத்தை நீட்டிக் கன்னத்தை வைத்தார். முதல் குண்டுக்கே அவருடைய கட்டைவிரல் முட்டி மூக்கில் இடித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு டைல்ஸ்தான் உடைந்தது.

"மூக்கால் சுடுகிறாயா?" என்று ஒரு நண்பர் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். அர்பாப் எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"முடிஞ்சுது அண்ணை," என்றான் பிட்டர்.

இரண்டாவது ரவுண்டு உட்கார்ந்தபடி. மற்றவர்கள் துப்பாக்கியைத் தூக்கும்போது அடிக்கட்டை கோட்டில் சிக்கி, இழுத்துச் சரி செய்ய வேண்டியிருந்தது. அர்பாப்புக்குச் சிக்கவில்லை. தூக்கினார், உட்கார்ந்தது. கழுத்தை நீட்டுவதையும் விட்டுவிட்டார். மூன்று உடைந்தது. நான் மனசுக்குள் கூட்டிக்கொண்டேன்: ஐந்து.

தொழுகை முடிந்தது. இருட்டியது. லைட் ரவுண்டு. ஒருவர் கார் ஹெட்லைட்டையே துப்பாக்கியில் கட்டியிருந்தார். கார் பேட்டரியைச் சுமந்துகொண்டு டிரைவர் பின்னால் நின்றான். இருவர் ஐந்து கட்டை. மணல் பகலாகிவிட்டது. ஆனால் பளபளக்கும் டைல்ஸில் அந்த வெளிச்சம் பட்டு அப்படியே திரும்பி அடித்தது. சுடுகிறவர்கள் கண்ணைச் சுருக்கினார்கள். ஐந்து கட்டைகள் ஒவ்வொரு குண்டுக்கும் அணைந்து எரிந்தன. அதில் ஒன்று பிறகு எரியவே இல்லை. ஹெட்லைட்காரர் நகரும்போதெல்லாம் டிரைவரும் நகர வேண்டியிருந்தது, ஒயர் இழுபட்டு, "யல்லா! இங்கே வா! போகாதே! வா!" என்ற சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

அர்பாப் பொத்தானை அழுத்தினார். மஞ்சள் வட்டம் போய் விழுந்தது.

"அது பத்தியா, பாலில்லாத சுலைமானி டீயா?" என்று இருட்டிலிருந்து ஒரு குரல்.

பார்த்துக்கொண்டே இருக்கும்போது எனக்கு ஒன்று புரிந்தது. அந்த மஞ்சளில் டைல்ஸ் கூசவில்லை. மங்கலாக, பால்கோவா நிறத்தில் அமைதியாக நின்றது. அதன்மேல் குறிமுள் கறுப்பாகத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். முதல் குண்டு. லைட் அணையவில்லை. டைல்ஸ் உடைந்தது. இரண்டு. மூன்றாவது தவறியது. நான்கு. ஐந்து. மற்ற எட்டுப் பேரில் யாரும் அந்த ரவுண்டில் இரண்டுக்குமேல் உடைக்கவில்லை.

மொத்தம் ஒன்பது. கூஜா வேறொருவருக்குப் போயிற்று, அவருக்குப் பதினொன்று. அர்பாப் மூன்றாவது. யாரிடமும் ஒன்றும் பேசாமல் வண்டியில் ஏறினார். அவர் மூக்கு வீங்கியிருந்தது. பிட்டர் திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டான்: "சந்தோஷமோ, கோவமோ அண்ணை?"

சனிக்கிழமை காலை இருவரையும் ஆபீசுக்கு வரச் சொன்னார். மேஜையில் துப்பாக்கி. பக்கத்தில் அந்த ஓர் அங்குல மரத்துண்டு. பிட்டரின் முகம் சுண்ணாம்பாக இருந்தது. அடுத்த நாள் விமானம்.

அர்பாப் எழுந்து நின்றார். துப்பாக்கியைத் தூக்கித் தோளில் வைத்துக் காட்டினார். இறக்கினார். மறுபடி தூக்கினார்.

"என் பாப் நெட்டை," என்றார். தலைக்குமேல் கையைத் தூக்கி உயரம் காட்டினார். பிறகு தன் தலையைத் தொட்டார். "நான் இவ்வளவு. இத்தனை வருஷம் இதற்காக ஒட்டகம் மாதிரி கழுத்தை நீட்டினேன். ஒருத்தனும் சொல்லவில்லை."

நாங்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றோம்.

"லேகின்," என்றார், விரலைத் தூக்கி. "கேட்காமல் வெட்டினாய். ஹிசாப் ஹிசாப்தான், கணக்கு கணக்குதான். என் பந்தூக்கில் ஒன்று குறைத்தாய். உன் லீவில் நான் ஒன்று குறைக்கிறேன். இரண்டு மாதம் மாஃபி. ஒரு மாதம். கலாஸ்."

இரும்புப் பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேஜையில் போட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. சொன்னவன் நான், வெட்டியவன் அவன். கல்யாணம் முடிந்து, கோயில் குளம் போய், பெண்ணோடு நான்கு நாள் நிம்மதியாக இருப்பதற்குள் ஒரு மாதம் ஓடிவிடுமே. போகவர ரயில் கிடைக்கவே ஒரு வாரம் ஆகுமே. "அர்பாப், தப்பு என்னுடைய பேச்சில்தான், ஒரு மாதம் என்பது..." என்று ஆரம்பித்தேன்.

பிட்டர் பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான்.

"விடுங்கோ அண்ணை," என்றான். "ஒண்டு காணும்."